கிளாஸ் வேண்டாம்னு பிள்ளை சொல்லிட்டா, வீட்டுக்குள்ள பாட்டு எப்படி வரும்?

குக்கர்விசில் (கோவை) | சனி, இரவு 10:05

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பொண்ணுக்கு 9 வயசு, பையனுக்கு 14. பொண்ணு வாய்ப்பாட்டு கிளாஸ் போயிட்டிருந்தா. அலங்காரம்ங்கற ஸ்வரப் பயிற்சி முடிச்சு, கீதம்ங்கற சின்னப் பாட்டு ஆரம்பிக்கற நேரத்துல, இனிமே போக மாட்டேன்னு உக்காந்துட்டா. ஏன் கண்ணுன்னு கேட்டா, "பாட்டு புடிக்கும், பாட்டு கிளாஸ்தான் புடிக்கல"ங்கறா. ஆண்டு விழாவுக்காக ஒரே பாட்டை மாசக்கணக்குல பாட வெச்சதுல சலிச்சுப் போச்சுன்னு நெனைக்கறேன்.

பையன் வேற ரகம். ஸ்கூல் விட்டு வந்ததும் காதுல இயர்பட்ஸ். சாப்பிடறப்ப ஒரு பக்கம் மட்டும் கழட்டுவான். என்ன கேக்கறான்னு எங்களுக்குத் தெரியாது.

எனக்குப் பாட வராதுங்க. ஆனா பாட்டு இல்லாம சமைக்கவும் வராது. எங்கம்மா அரிசி புடைக்கறப்ப, பூ கட்டறப்ப எல்லாம் எதையாவது முணுமுணுத்துட்டே இருப்பாங்க. அவங்களுக்கு யாரும் கத்துக் குடுத்ததில்ல. எங்க வீட்டுல பாட்டுன்னா ஒண்ணு கிளாஸ், இல்லைன்னா இயர்பட்ஸ். நடுவுல ஒண்ணுமே இல்ல.

ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. அதனால புதுசா நேரம் ஒதுக்கச் சொல்லாதீங்க. சமையல், ஸ்கூட்டர், துணி மடிக்கறது, ஊருக்குப் போற கார், இதுக்குள்ள என்ன பண்ணலாம்?

---

தோடிப்பித்தன் (மயிலாப்பூர்) | சனி, இரவு 10:41

குழந்தையை நிறுத்த விட்டது சரியில்லை அம்மா. கீதம் வரைக்கும் வந்துட்டா. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தா வர்ணம்கற பெரிய பாடம். அதுக்கப்புறம் அவளே விடமாட்டா.

மாயாமாளவகௌளை ராகத்தை ஆரம்பப் பாடமா வெச்சது புரந்தரதாசர்னு சொல்றது வழக்கம். அதுல ஒரு கணக்கு இருக்கு. ச-ரி-க-ம ஒரு பாதி, ப-த-நி-ச மறு பாதி. ரெண்டு பாதிக்கும் இடைவெளி ஒண்ணே. கீழே பழகின தொண்டை மேலேயும் தானா போகும். அதை மூணு காலத்துல, அதாவது மூணு வேகத்துல, பாடிப் பாடித்தான் ஸ்வரம் நிக்கும். துணி மடிக்கும்போது ஹம்மிங் பண்றதெல்லாம் பொழுதுபோக்கு. தப்பில்லை, ஆனா அது சங்கீதம் ஆகாது. வேற வாத்தியாரைப் பாருங்கோ.

---

பாட்டு_டீச்சர் (திருச்சி) | ஞாயிறு, காலை 6:20

தோடி சார், கணக்கு சரிதான். ஆனா நானும் டீச்சர்தான், சொல்றேன். கிளாஸுக்கு வர்ற பிள்ளைகள்ல வீட்டுல பாட்டு புழங்கற பிள்ளை யாரு, புழங்காத பிள்ளை யாருன்னு முதல் வாரமே தெரிஞ்சுடும். முதல் ரகம் தாளத்தைத் தேட வேண்டியதில்ல, அதுக்குள்ள இருக்கும். ரெண்டாவது ரகம் விரலை எண்ணிக்கிட்டே இருக்கும். குக்கர்விசில் கேக்கறது பொழுதுபோக்கு இல்ல சார், அஸ்திவாரம்.

குக்கர்விசில், உங்களுக்கு ரெண்டு விஷயம்.

முதல்ல சுருதி. வீட்டுல அப்பா பாட ஆரம்பிச்சா ஒரு கட்டையில, அதாவது ஒரு சுருதி உயரத்துல, எடுப்பாரு. பிள்ளைக்கு அதுல கீழே போனா சத்தம் வராது, மேலே போனா கத்தணும். உடனே "இவளுக்குக் குரல் வரல"ன்னு முடிவு கட்டிடறோம். 9 வயசுப் பிள்ளைக்கு ஐந்து, ஐந்தரை கட்டை சௌகரியம். செல்போன்ல தம்புரா ஆப் இலவசமாவே கிடைக்குது. அதை ஐந்தரையில வெச்சு சமையலறை ஓரமா ஓட விடுங்க. பாடுன்னு சொல்லாதீங்க. அது பாட்டுக்கு ஓடட்டும். பத்துப் பாத்திரம் கழுவி முடிக்கறதுக்குள்ள யாராவது ஒருத்தர் அதோட சேர்ந்து முனகுவீங்க.

ரெண்டாவது தாளம். தகிட, தகதிமின்னு தாளச் சொல்லாச் சொன்னா கிளாஸ் ஞாபகம் வந்துடும். ஊர் பேரை வெச்சு விளையாடுங்க.

மதுரை: ம-து-ரை, மூணு. அதுதான் தகிட.
சிவகாசி: சி-வ-கா-சி, நாலு. தகதிமி.
பரமக்குடி: ப-ர-மக்-கு-டி, அஞ்சு. தாளத்துல இதுக்குப் பேர் கண்டம்.
மதுரையும் சிவகாசியும் சேர்ந்தா ஏழு, மிஸ்ரம். சிவகாசியும் பரமக்குடியும் சேர்ந்தா ஒன்பது, சங்கீர்ணம்.

ஒருத்தர் மதுரை மதுரைன்னு சொல்லிட்டே வரணும், இன்னொருத்தர் அதே வேகத்துல சிவகாசி சிவகாசின்னு சொல்லணும். ஒவ்வொரு ஊர் ஆரம்பத்துலயும் ஒரு தட்டு. சேர்ந்து ஆரம்பிச்சவங்க பிரிஞ்சு போய், நாலு மதுரை மூணு சிவகாசி முடிஞ்சதும் மறுபடி ஒண்ணாத் தட்டுவாங்க. அந்த இடத்துல பிள்ளைங்க சிரிக்கும் பாருங்க. மிருதங்கத்துல கோர்வை (முடிப்புச் சொற்கட்டு) வைக்கறவங்களும் இந்தச் சந்திப்பைக் கணக்குப் பண்ணித்தான் வைக்கறாங்க. ஸ்கூட்டர்ல வேண்டாம், கை ஹேண்டில்ல இருக்கட்டும் :)

---

அரைக்கட்டை | ஞாயிறு, காலை 9:58

பிளஸ் டூ படிக்கறேன். இந்த இழையில இயர்பட்ஸ் பார்ட்டி நான் ஒருத்தன்தான்னு நெனைக்கறேன், அதனால அந்தப் பையன் சார்பா எழுதறேன்.

ஆன்ட்டி, அவன் என்ன கேக்கறான்னு தெரியலைன்னு சொன்னீங்க. கேட்டீங்களா? கேட்டிருந்தா எப்படிக் கேட்டீங்க? எங்க வீட்டுல அப்பா ஒரு இயர்பட்டைப் பிடுங்கி அவர் காதுல வெச்சு, பத்து செகண்ட்ல மூஞ்சியைச் சுளிச்சு, "இதெல்லாம் ஒரு பாட்டா"ம்பாரு. அதுக்கப்புறம் எவன் காட்டுவான்?

எங்க மாமா ஒரு வேலை பண்ணாரு. கார்ல அவரோட ப்ளூடூத்தை என்கிட்ட குடுத்துட்டாரு. ஆளுக்கு ஒரு பாட்டு, வரிசையா. மாத்தக் கூடாது, குறை சொல்லக் கூடாது, பாட்டு முடியற வரைக்கும் கேட்டே ஆகணும். அத்தை பி.சுசீலா போடுவாங்க, நான் சுயாதீன ராப் போடுவேன், மாமா இளையராஜா, குட்டித் தங்கச்சி கார்ட்டூன் பாட்டு. விழுப்புரம் தாண்டறதுக்குள்ள மாமா என்கிட்ட, "அந்த ராப் பையன் இன்னொண்ணு போட்டிருக்கானா"ன்னாரு. நானும் சுசீலாம்மா பாட்டு ரெண்டு சேவ் பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லல.

இன்னொண்ணு. பேண்ட்லேப் மாதிரி இலவச ஆப் இருக்கு. வீட்டுல கிடைக்கற சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி பீட் செய்யலாம். நான் இட்லித் தட்டு, கேஸ் லைட்டர், பாத்ரூம் வாளி, எங்க ஆயா வெத்தலை இடிக்கற உரல், நாலையும் வெச்சு ஒண்ணு பண்ணினேன். ஆயாவுக்குப் போட்டுக் காட்டினா, "என் இடி கொஞ்சம் முந்துது, தள்ளி வை"ன்னு திருத்தம் சொல்லுது.

---

தோடிப்பித்தன் | ஞாயிறு, காலை 11:15

தம்பி, உரல் இடியில கிழவிக்கு இருக்கற காலப்பிரமாணம், அதாவது வேகம் பிசகாத நிதானம், உனக்கு இல்லைன்னு புரிஞ்சுதா?

---

அரைக்கட்டை | ஞாயிறு, காலை 11:16

புரிஞ்சுது தாத்தா. தள்ளி வெச்சுட்டேன்.

---

யாழ்மீன் (ஸ்காபரோ) | ஞாயிறு, இரவு 7:30

எங்கட வீட்டுக் கதை கொஞ்சம் வேற. இங்க கனடாவில பிறந்த பிள்ளையள். தமிழ் விளங்கும், கதைக்கிறது குறைவு. வார இறுதியில சங்கீத வகுப்பும் இருக்கு, ஆனா வகுப்பில பாடுற கீர்த்தனை தெலுங்கில. அவைக்குத் தெலுங்கும் விளங்காது, வகுப்பு முடிஞ்சு காருக்குள்ள ஏறினா ஆங்கிலம்.

அப்துல் ஹமீது அண்ணை இலங்கை வானொலியில நடத்தின பாட்டுக்குப் பாட்டை நாங்கள் ஊரில விடாமல் கேட்டனாங்கள். பிறகு சன் டிவியிலயும் வந்தது. அதைத்தான் காருக்குள்ள கொண்டு வந்தன். ஆனா எழுத்து குடுத்தா பிள்ளையள் தோத்துப் போயிடுவினம், பிறகு விளையாட வரமாட்டினம். அதால நான் சொல் குடுக்கிறன். "மழை" எண்டு சொன்னா, மழை வாற எந்தப் பாட்டும் பாடலாம், எந்த மொழியும் பரவாயில்லை. மகன் ஆங்கிலத்தில மழைப் பாட்டு பாடுவான். அம்மம்மா பக்கத்தில இருந்து தமிழில பத்து மழைப் பாட்டு எடுத்து விடுவா. அவன் வாயைப் பிளந்து கொண்டு இருப்பான். இப்ப அவனே தமிழ்ப் பாட்டு ரெண்டு மூண்டு பாடமாக்கி வைச்சிருக்கிறான், அம்மம்மாவை வெல்ல.

தொடக்கத்தில "தமிழில மட்டும்தான்" எண்டு நான் சட்டம் போட்டிருந்தா இந்த விளையாட்டு ஒரு கிழமையும் ஓடியிருக்காது.

---

செவிமடல் (வேலூர்) | ஞாயிறு, இரவு 9:12

ஆடியாலஜிஸ்ட், காது கேட்கற திறனைப் பார்க்கற ஆள். இயர்பட்ஸ்னு பார்த்ததும் உள்ளே வந்துட்டேன், சுருக்கமா சொல்லிட்டுப் போறேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு: பெரியவங்களுக்கு 80 டெசிபெல், வாரத்துக்கு 40 மணி நேரம். சின்னப் பிள்ளைகளுக்கு 75 டெசிபெல், அதே 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 80-ல 40 மணி நேரம்னா 83-ல 20, 86-ல 10, 89-ல 5 மணி நேரம்தான். அதுவும் வாரத்துக்கு.

பஸ்ல, மிக்ஸி ஓடும்போது, சுத்தி இரைச்சல் இருக்கற இடத்துலதான் பிள்ளைங்க வால்யூமை ஏத்தறாங்க. வீட்டுல ஸ்பீக்கர்ல போட அனுமதிச்சாலே பாதிப் பிரச்சினை தீரும். நம்ம வீடுகள்ல பெரியவங்க டிவியை அலற விட்டுட்டு, பையனோட பாட்டை மட்டும் "சத்தம், சத்தம்"னு காதுக்குள்ள துரத்தறோம். போன்ல வால்யூம் வரம்பு வைக்கற வசதி இருக்கு. அவனோட உக்காந்து, உங்க போன்லயும் சேர்த்து வைங்க.

---

குக்கர்விசில் | புதன், இரவு 10:30

அரைக்கட்டை தம்பி, நீ கேட்ட கேள்விக்கு பதில்: கேட்டதில்ல. இப்ப கேட்டோம். தெலுங்கு, கொரியன், வடசென்னை கானா, நடுவுல ஒரு பியானோ பாட்டு, எல்லாம் கலந்து வருது. கொரியன்ல ஒரு வார்த்தை புரியலைங்க. ஆனா அவன் வரி வரியா அர்த்தம் சொல்றான்! பரீட்சைக்கு இப்படிச் சொன்னா எவ்வளவு நல்லாயிருக்கும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

ஊர் விளையாட்டு பத்திச் சொல்லணும். திண்டுக்கல்ல ஒரு விசேஷம். பொள்ளாச்சி வழியா கார்ல போனோம். பொண்ணு ஒவ்வொரு பலகையா எண்ணிட்டு வர்றா. பொள்ளாச்சி மூணு, உடுமலை நாலு, பழனி மூணு, ஒட்டன்சத்திரம் அஞ்சு. பையன் பின்சீட்ல கண்டுக்காத மாதிரி உக்காந்திருந்தான். திடீர்னு, "எட்டு எண்ணிக்கை வர்ற ஊர் இருக்கு, கங்கைகொண்டசோழபுரம்"ங்கறான். கங்-கை-கொண்-ட-சோ-ழ-பு-ரம். எண்ணிப் பார்த்தா எட்டுதான். பொண்ணு உடனே, "எட்டுன்னா ஆதி தாளம்"னு தொடையில போட ஆரம்பிச்சா. டீச்சர், அவ போட்டது சரியா வந்துச்சு. யாரும் போடச் சொல்லல.

---

பாட்டு_டீச்சர் | வியாழன், காலை 5:50

ஐயோ, இதைப் படிச்சதுல காபி ஆறிப் போச்சு! அந்தப் பையன் கையைக் குடுங்க.

வெறும் எட்டு இல்லைங்க. ஆதி தாளம் நாலு, ரெண்டு, ரெண்டு. கங்கைகொண்ட: அது லகு, ஒரு தட்டும் மூணு விரல் எண்ணிக்கையும். சோழ: ஒரு தட்டு, ஒரு வீச்சு. புரம்: இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. ராஜேந்திர சோழன் ஊரு, அங்கம் பிசகாம அப்படியே பிரியுது. நாளைக்கு கிளாஸ்ல இதைத்தான் போடப் போறேன். இத்தனை வருஷமா எனக்குத் தோணலையே!

இன்னொரு வீட்டு விளையாட்டு. பீங்கான் கிண்ணம் ஆறு, தண்ணி, ஒரு மெல்லிய மூங்கில் குச்சி. ஜலதரங்கம். தண்ணி ஊத்த ஊத்த ஸ்வரம் இறங்கும். காலிக் கிண்ணம்தான் உச்சம். டியூனர் ஆப் வெச்சு ச, ரி, க, ப, த, மேல் ச வரைக்கும் கரண்டி கரண்டியா ஊத்தி சரி பண்ணச் சொல்லுங்க. அது மோகனம். அஞ்சு ஸ்வரம்தான், எதுக்கு அப்புறம் எதைத் தட்டினாலும் காதுல உறுத்தாது. அதனால சின்னக் குழந்தைக்கும் அது வெற்றிதான். ஒரே வருத்தம், ஒரு கிண்ணமாவது உடையும். நல்ல செட்டை எடுத்து உள்ளே வெச்சிடுங்க.

பெரிய பையனுக்கு ஒரு புதிர்: பாட்டில் வாயில ஊதினா தண்ணி ஏற ஏற ஸ்வரம் ஏறுது. கிண்ணத்தைத் தட்டினா இறங்குது. ஏன்? (பாட்டில்ல பாடறது காத்து, கிண்ணத்துல பாடறது பீங்கான். அவனா கண்டுபிடிக்கட்டும், சொல்லிடாதீங்க.)

---

ஸ்டெபிலைசர் (ஓசூர்) | வியாழன், மாலை 4:05

மின்சார ஆள் நான், பாட்டுல பூஜ்யம். ஆனா தம்புரா ஆப் இல்லாதவங்களுக்கு ஒரு யோசனை. நம்ம நாட்டுல மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர், ஸ்டெபிலைசர் எல்லாம் அதுக்கு இரட்டிப்பா, 100 ஹெர்ட்ஸ்ல ரீங்காரம் போடும். ஐந்து கட்டையோட ஷட்ஜம் (ச) கீழ் ஸ்தாயியில 98 ஹெர்ட்ஸ், ஐந்தரை கிட்டத்தட்ட 104. அப்ப உங்க வீட்டு ஸ்டெபிலைசர் ஐந்து கட்டைக்குச் சித்தே மேலே நாள் முழுக்க சுருதி போட்டுட்டு இருக்கு. என் மக அது பக்கத்துல நின்னு "ம்ம்ம்"னு சேர்ந்துக்குவா. இப்ப தெருமுனை டிரான்ஸ்பார்மரையும் விடறதில்ல. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னுதான், பயப்படாதீங்க.

---

தோடிப்பித்தன் | வியாழன், மாலை 6:40

மின்வாரியமே தம்புரா போடறதா! பேஷ்.

நான் முதல்ல சொன்னதிலிருந்து மாறலை. ஆனா ஒரு உபயோகமான காரியம் சொல்றேன். டிசம்பர்ல சென்னைக்கு வந்தா, பல சபாக்கள்ல மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. இளம் வித்வான்கள் பாடுவா. குழந்தையை ராத்திரி மெயின் கச்சேரிக்கு அழைச்சிண்டு போய் ரெண்டரை மணி நேரம் "ஆடாதே, அசையாதே"ன்னு அதட்டாதீங்கோ. மத்தியானம் ஒரு மணி நேரம் போதும். அதுலயும் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கற தனி ஆவர்த்தனத்துக்கு இருங்கோ. பெரியவா எல்லாம் அப்பதான் கேண்டீனுக்கு எழுந்து போவா, முன் வரிசை காலியாகும். குழந்தையை அங்கே கொண்டு போய் உட்கார வையுங்கோ. மிருதங்கமும் கடமும் மாத்தி மாத்தி வாசிக்கறதைப் பார்க்காத குழந்தைக்கு எந்த கிளாஸும் பிரயோஜனமில்லை. கேண்டீன் அப்புறம்.

---

சுண்டுக்குச்சி (மதுரை) | வெள்ளி, இரவு 8:15

சபாவோட நிறுத்திராதீக. அதே டிசம்பர்ல 2020-லருந்து மார்கழியில் மக்களிசைன்னு ஒரு விழா நடக்குது. கானா, ஒப்பாரி, பறை, ராப் எல்லாம் ஒரே மேடையில. கானா கேக்குற பையன்னு சொன்னீகள்ல, அவனைக் கூட்டிட்டுப் போங்க. தன் பாட்டுக்கும் மேடை இருக்குன்னு பார்ப்பான்.

எங்க வீட்டுல பறை. மகளும் நானும் ஒண்ணாத்தான் கத்துக்கிட்டோம். வலது கையில அடிக்குச்சி, இடது கையில சுண்டுக்குச்சி, தோள்ல தொங்கவிட்டு, அடிக்கும்போதே அடவும் (ஆட்டக் காலடி) போடணும். காலு தனியா, கையி தனியா நிக்காது. வாசிக்கறதுக்கு முன்னாடி தோலைத் தீயில காட்டிச் சூடேத்தணும், அப்பத்தான் சத்தம் தெறிக்கும். மகளுக்கு அடிக்கறதை விட அந்தத் தீ மூட்டுற வேலைதான் ரொம்ப இஷ்டம். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து சுத்தி நிக்கும். பதின்வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு இடத்துல சம்மணம் போட்டு உக்காரச் சொல்ற சங்கீதத்தை விட, உடம்பு பூரா ஆடுற இசை சட்டுனு ஒட்டிக்கிரும். இது என் அனுபவம்.

---

நடுநிலை | வெள்ளி, இரவு 8:50

தப்பா எடுத்துக்காதீங்க. சாவுக்கு அடிக்கறதை வீட்டுல பிள்ளைக்குப் பழக்கணுமா? சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க? கீபோர்டு, கிடார்னு எவ்வளவோ இருக்கே.

---

சுண்டுக்குச்சி | வெள்ளி, இரவு 9:05

சொந்தக்காரங்க சொன்னாங்க. நீங்க இப்ப சொன்ன அதே வார்த்தையத்தான் சொன்னாங்க. "தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு ஆரம்பிக்கறது உட்பட.

பறை சாவுக்கு மட்டும் அடிச்சதில்லங்க. கோயில் திருவிழாவுக்கு, சல்லிக்கட்டுக்கு, ஊருக்குச் சேதி சொல்ல, எல்லாத்துக்கும் அடிச்சது. அடிச்சவங்க யாருங்கறதுதான் உங்களுக்கு உறுத்துது, அடிச்ச இடமில்ல. எங்க பக்கத்து அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல பத்மஸ்ரீ குடுத்தாக. இதையும் சொந்தக்காரங்ககிட்ட சொன்னேன். அடுத்த பொங்கலுக்கு மகளை வாசிக்கச் சொல்லிக் கூப்பிட்டாக. விருது வந்தாத்தான் காது திறக்கும்னா அதுவும் ஒரு வியாதிதான். ஆனா பிள்ளை அதையெல்லாம் கணக்குல எடுக்கல, போயி அடிச்சுட்டு வந்துச்சு.

---

நெறியாளர் | வெள்ளி, இரவு 9:20

சாதி வாடை வரும் பதிவுகள் இனி நீக்கப்படும். இழையின் தலைப்புக்குள் பேசுங்கள். சுண்டுக்குச்சியின் பதில் அப்படியே இருக்கும்.

---

காவிரிக்கரை (கும்பகோணம்) | சனி, காலை 7:00

வீட்டு வேலைங்கற தலைப்புக்குள்ள ஊர்ப் பயணமும் வரும்னா ஒண்ணு. கும்பகோணத்துலேருந்து மயிலாடுதுறை போற வழியில நரசிங்கப்பேட்டை. நாதஸ்வரம் செய்யற ஊர். 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. ஆச்சா மரத்துல கடையறாங்க, அதுவும் பழைய வீட்டுல இருந்து எடுத்த மரத்துக்கு மவுசு அதிகம். பச்சை மரம் உதவாது. பையன் அங்கேயே நின்னுட்டான். ஒரு உத்தரம் நாதஸ்வரமா மாறுதுன்னா எந்தப் பிள்ளைக்குத்தான் ஆச்சரியம் வராது?

கல்யாண வீட்டுலயும் இதைச் செய்யலாம். பந்திக்கு ஓடறதுக்கு முன்னாடி பிள்ளையை மேளக்காரங்க பக்கத்துல கொஞ்ச நேரம் உக்கார வைங்க. தவில்காரர் ஒரு கையில குச்சியும் இன்னொரு கையில விரல் கூடும் மாட்டிக்கறதை, நாதஸ்வரக்காரர் சீவாளியை (ஊதற நாணல் துண்டு) வாயில வெச்சு ஈரப்படுத்தறதைக் கிட்டேயிருந்து பார்க்கட்டும். பேசினா நல்லாவே பதில் சொல்வாங்க. கல்யாணத்துல அவங்ககிட்ட யாரும் பேசறதே இல்லையே.

---

பல்லவி_அம்மா (சேலம்) | சனி, மதியம் 1:30

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. என் சந்தேகம் வேற. பையனுக்கு 13. நல்லாப் பாடிட்டிருந்தான். இப்ப குரல் உடைஞ்சு வாயே திறக்க மாட்டேங்கறான். போன நவராத்திரியில கொலுவுக்குப் போன வீட்டுல, "மாமிக்கு ஒரு பாட்டு பாடிக் காட்டு"ன்னு சொன்னேன். பாதியில குரல் பிளந்து, கூட இருந்த பிள்ளைங்க சிரிச்சு, அதுலேருந்து மௌனம்.

---

பாட்டு_டீச்சர் | சனி, மதியம் 2:45

இந்த வயசுல குரல் உடையறதுக்குப் பேர் மகரக்கட்டு. அந்தக் காலத்து பாய்ஸ் நாடக கம்பெனியில இதுக்கு நடுங்குவாங்க, பெண் வேஷம் போட்ட பையனுக்குக் குரல் உடைஞ்சா வேஷம் போச்சு. குரல்வளை வளருது, நாண் நீளுது, அவ்வளவுதான். எல்லாப் பையனுக்கும் வரும், தானா அடங்கும். அது வரைக்கும் உச்சத்துக்கு இழுக்கக் கூடாது. சுருதியை அரை அரைக் கட்டையா இறக்கிப் பாருங்க, இன்னிக்கு எங்கே சௌகரியமோ அங்கே. பாட வேண்டாம்னு சொன்னா விடுங்க, தாளம் போடட்டும், கீபோர்டு தட்டட்டும். இசையை விட்டு வெளியே போகாம இருந்தாப் போதும்.

"பாடிக் காட்டு" பத்தி எனக்குக் கோபமே வரும். சுண்டல் வாங்கப் போன இடத்துல பரீட்சை! பெரியவங்களை அப்படிக் கேப்போமா? பேங்க்ல வேலை பாக்கற மாப்பிள்ளைகிட்ட "ஒரு வவுச்சர் எழுதிக் காட்டுங்க"ன்னு?

---

தோடிப்பித்தன் | சனி, மாலை 3:30

இதை நான் ஒத்துக்க மாட்டேன். கொலு வீட்டுல பாடித்தான் நாங்க எல்லாம் சபைக் கூச்சம் தெளிஞ்சோம்.

---

பாட்டு_டீச்சர் | சனி, மாலை 3:41

தெளிஞ்சவங்க நீங்க பேசறீங்க சார். அதோட வாயை மூடினவங்க இங்கே எழுத வரமாட்டாங்க. வீட்டுக்காரங்க மொத்தமா உக்காந்து எல்லாரும் ஒரு பாட்டைச் சேர்ந்து பாடுங்க. கும்பல்ல குரல் பிளந்தா யாருக்குத் தெரியும்? மார்கழி பஜனையில பிள்ளைங்க கூச்சமில்லாம கத்தறது அதனாலதான். திருப்பாவை முப்பதும் அப்படித்தான் பல பேருக்கு மனப்பாடம்.

---

அரைக்கட்டை | சனி, மாலை 4:10

சேலம் ஆன்ட்டி, பையன்கிட்ட ஒரு போட்டி வைங்க. இளையராஜாவோட "கலைவாணியே", சிந்து பைரவி படம், 1985. கல்யாணி ராகத்துல ஆரோகணம் (ஏறுவரிசை) மட்டும் வெச்சுப் போட்ட பாட்டு. ஸ்வரம் படியேறிட்டே இருக்கும், கீழே வரணும்னா தாவித்தான் வரணும். இதை எங்க மியூசிக் குரூப்ல ஒருத்தன் சொன்னப்ப நம்பல, கீபோர்டுல வாசிச்சுப் பார்த்தேன். அந்த மாதிரி ஒரு நிபந்தனை வெச்சு அவனையே நாலு வரி போடச் சொல்லுங்க. குரலே வேண்டாம்.

---

குக்கர்விசில் | சனி, இரவு 9:55

செவிமடல் சார் சொன்னபடி ஸ்பீக்கர் வாங்கியாச்சு. சமையலறையில எட்டு மணி வரைக்கும் பையன் ராஜ்ஜியம், அப்புறம் எங்க ராஜ்ஜியம். வீட்டுக்காரருக்கு இன்னும் பழகல, வாசல்ல போயி உக்காந்துக்கறாரு. கிண்ணம் ரெண்டு உடைஞ்சுது டீச்சர்.

ஒரு கேள்வி. பொண்ணு பறை வீடியோ பாத்துட்டு, அடிக்கற மாதிரி ஏதாவது கத்துக்கறேன்ங்கறா. தனியார் கிளாஸுக்கு மறுபடி பணம் கட்டத் தயக்கமா இருக்கு. வேற வழி இருக்குங்களா?

---

காவிரிக்கரை | ஞாயிறு, காலை 6:45

ஜவகர் சிறுவர் மன்றம் விசாரிங்க. கலை பண்பாட்டுத் துறை நடத்தறது, 5 முதல் 16 வயசு வரைக்கும் பிள்ளைகளைச் சேத்துக்கறாங்க, கட்டணம் ரொம்பக் குறைச்சல். எந்த ஊர்ல எந்தக் கலைக்கு ஆசிரியர் இருக்காங்கன்னு நேர்ல கேட்டுட்டுச் சேருங்க. கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கு. நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், மூணு வருஷப் படிப்பு.

---

தோடிப்பித்தன் | ஞாயிறு, காலை 10:20

ஆக, கடைசியில கிளாஸ்தான் வந்து நிக்கறது. நான் முதல் நாளே சொன்னேன்.

அரைக்கட்டை, நீ தனிமடல்ல அனுப்பின கானாவைக் கேட்டேன். சாகித்யம் எனக்குப் பாதி புரியலை. ஆனா அடி திஸ்ர நடை, மூணு மூணா போறது. சட்டி மேளம் வாசிக்கறவன் நன்னா காலத்தைப் பிடிச்சிண்டு போறான்.

---

அரைக்கட்டை | ஞாயிறு, காலை 10:24

தாத்தா, அது 6/8.

---

தோடிப்பித்தன் | ஞாயிறு, காலை 10:25

அதைத்தானேடா சொன்னேன். ரெண்டாவது சரணத்துல ஒரு இடத்துல நழுவறான், கவனிச்சியா? மூணாவது நிமிஷம் பக்கம். கேட்டுட்டுச் சொல்லு.